தூங்குமூஞ்சி நிழல்

மானாங்கரையில் பங்களாத் தெரு முக்கில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிய பிறகும் அதன் நிழல் போகாமல் அங்கேயே கிடந்தது. அதைப் பார்த்து ஊரில் ஒருத்தரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. அந்த வருஷம்தான் ஊர் மாநகராட்சியாகி, இல்லாத பாதாளச் சாக்கடைக்கு வரி கட்டிக்கொண்டும், வராத தண்ணீருக்குக் குழாய் பதித்துக்கொண்டும் இருந்ததால், இல்லாத மரத்துக்கு ஒரு நிழல் இருப்பது அந்த ஜனங்களுக்குப் பெரிய சங்கதியாகப் படவில்லை.

ரோட்டை அகலப்படுத்த வந்த ஆட்கள்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். எண்ணெய்க் கறை என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள், ஈரம் என்று நினைத்து ஒரு பகல் காயப்போட்டார்கள், கடைசியில் ஜல்லியைக் கொட்டித் தாரை ஊற்றி ரோலரை ஓட்டினார்கள். ரோலர் அந்தப் பக்கம் போனதும் நிழல் எழுந்து தார் மேல் படுத்துக்கொண்டது. காலையில் மேற்கே நீண்டது, உச்சியில் இல்லாத அடிமரத்தைச் சுற்றிச் சுருண்டது, சாயங்காலம் கிழக்கே போய் ரைஸ்மில் சுவரில் ஏறியது, மழைக்கு முந்தியும் அந்திக்கு முந்தியும் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கியது, மாசியில் உதிர்த்துப் பங்குனியில் துளிர்த்தது. தன் மரம் இப்போது இல்லை என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் ஆடுகள் வந்தன. உதிர்ந்த காய்களின் நிழலை முகர்ந்து பார்த்து ஏமாந்து, பிறகு பசியை மறந்து அங்கேயே அசைபோட்டுப் படுத்தன. அப்புறம் கீரைக்காரப் பெண்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆட்டோக்காரர்கள் வந்து ‘தூங்குமூஞ்சி நிழல் ஆட்டோ நிறுத்தம்’ என்று ஒரு பலகை நட்டார்கள், காக்கா எச்சம் விழாத நிழல் ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் என்று பெருமை பேசினார்கள், காக்காயே இல்லையே என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பிள்ளை வரம் வேண்டி மஞ்சள் துணி கட்ட வந்த ஒருத்தி, கட்டக் கிளையில்லாமல் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, கிளையின் நிழல் மேல் துணியை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டுப் போனாள். டவுன் பஸ்ஸுக்கு அங்கே ஸ்டாப்பிங் கிடையாது, என்றாலும் பஸ் முக்கில் மெதுவாகத் திரும்பும்போது கண்டக்டர்கள் எப்போதும்போல “மரத்தடி எல்லாம் இறங்கு” என்று கூவினார்கள், ஜனங்களும் எப்போதும்போல இறங்கினார்கள்.

அந்த வார்டின் கவுன்சிலர் முப்பிடாதி. அவள் கவுன்சிலரான கதையை அந்த ஊரில் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவளுடைய வீட்டுக்காரர் ஆவுடையப்பன் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்குத் தெரு முகம் தெரிந்தவர், தேர்தலில் நிற்க வேஷ்டி சட்டையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். “நீ பேருக்கு நில்லுட்டி, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்று அவர் சொன்னார், அவளும் பேருக்கு நின்று நிஜமாகவே ஜெயித்தாள். பதவி ஏற்ற மறு மாதம் ஆவுடையப்பன் குளித்துவிட்டு வரும்போது வாதம் அடித்து விழுந்தார், வலது கையும் வலது காலும் அவரைக் கேட்காமலேயே விடைபெற்றுக்கொண்டன. அன்றிலிருந்து பேருக்குக் கவுன்சிலராக இருந்தவள் காரியத்துக்கும் கவுன்சிலராக இருக்க வேண்டியதாயிற்று.

அவர் நல்லபடியாக இருந்தபோது நடந்த முதல் மாமன்றக் கூட்டத்தில், எல்லாரும் கை தூக்கியபோது அவளும் தூக்கினாள். எதற்குத் தூக்கினோம் என்று பொக்லைன் வந்து மரத்தடியில் நின்ற அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கையைப் பிற்பாடு அவள் பல தடவை பார்த்திருக்கிறாள்.

வாதம் வந்தவருக்கு வலப்பக்கம் வியர்க்காது. “உடம்புச் சூடு வெளிய போக வழியில்லம்மா, எப்பவும் குளிர்ச்சியா வச்சுக்கோங்க, வெக்கை தாங்க மாட்டார்” என்றார் டாக்டர். சொல்வது சுலபம். பங்களாத் தெருவில் பங்களா ஒன்றும் கிடையாது. வீடும் வீடும் முதுகோடு முதுகு ஒட்டி, இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முகிற மாதிரி நெருக்கி நின்றன. இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரியும், விடாமல் கட்டிவிட்டு அப்புறம் அபராதம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம் என்ற விதி அதைவிட நன்றாகத் தெரியும். ஏசி மாட்ட வந்த மெக்கானிக் வெளிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்ற முயன்று, சுற்ற வழியில்லாமல் திரும்பி வந்தான். “இத எங்கக்கா மாட்ட? பக்கத்து வீட்டு அடுப்படிக்குள்ளயா?” தெருப்பக்கம் மாட்டினார்கள். அது எதிர்வீட்டுக்குள் அனலை ஊதியது. எதிர்வீட்டுக்காரர் தானும் ஒன்று வாங்கி மாட்டித் திருப்பி ஊதினார். தெரு முழுக்க வீடுகள் ஒன்றையொன்று பார்த்து ஊதிக்கொண்டே இருந்ததில், நடுவில் நடந்து போகிறவர்களுக்குக் கண் எரிந்தது, டிரான்ஸ்பார்மர் நாளுக்கு ஒரு தடவை வெடித்தது.

ஆகவே முப்பிடாதி காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தெரு முக்குக்குத் தள்ளிக்கொண்டு போய் நிழலில் விட்டாள். அங்கே அவருக்கு மூச்சு சீராக வந்தது. கண் தெளிந்தது. குழறிய பேச்சுகூட அங்கே கொஞ்சம் திருந்தி வந்தது. ஏழாம் நம்பர் பஸ் கடக்கும்போதெல்லாம் டிரைவர்கள் ஆரனை ஒரு அழுத்து அழுத்துவார்கள், அவர் இடது கையை உயர்த்திக் காட்டுவார். நிழல் நகர நகர அவரும் நகர வேண்டும்.

“ஏட்டி, கொஞ்சம் தள்ளு.”

“எந்தப் பக்கம்?”

“நிழல் போற பக்கம்.”

கீரைக்காரியோ ஆட்டோக்காரரோ, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தள்ளினார்கள். இப்படியே காலை முதல் அந்தி வரை நிழலோடு சேர்ந்து தெருவைக் கடந்து, நிழல் இலை மடக்கும்போது அவரும் வீடு திரும்பினார். அந்த நிழல் இருக்கிறவரை இந்த மனிதர் இருப்பார் என்று முப்பிடாதி தனக்குள் முடிவுகட்டிக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவளுக்குப் பயம் பிடித்தது மேட்டுத் தெருவைப் பார்த்த பிறகுதான். அங்கேயும் வெட்டிய வேம்பு ஒன்றின் நிழல் கிடந்தது. அதற்குக் கிழக்கே நாலு மாடிக் கட்டடம் ரோட்டின் விளிம்பில் செங்குத்தாக ஏறியது. கட்டடம் ஏற ஏற வேப்பநிழல் வெளுத்தது, ஒரு நாள் அது கிடந்த இடத்தில் சும்மா தார்தான் இருந்தது. பங்களாத் தெரு முக்கில் ரைஸ்மில்லை இடித்துவிட்டு அடுக்குமாடி வரப் போகிறது என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. முப்பிடாதி நேரே மாநகராட்சி அலுவலகத்தின் மாடிக்கு ஏறி, நகரமைப்பு அலுவலர் செய்யதலி பாத்திமாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

பாத்திமா கறாரான ஆள். இடைவெளி விடாத வரைபடங்களைத் திருப்பி அனுப்பி அனுப்பியே ஊரில் பாதிப் பேரின் வாயில் விழுந்தவள். கவுன்சிலர் என்றால் யாருக்காவது சிபாரிசோடு வருகிறவர் என்று பழகிப்போயிருந்ததால், இவள் நிழலுக்காக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

“மேடம், மேட்டுத் தெரு நிழல நானும் போய்ப் பாத்தேன்,” என்றாள். “மத்தவங்க நிழல் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. நான் சொல்றேன், பட்டினி போட்டுட்டாங்க. நிழலுக்கும் வெயில் வேணும். அதுக்கும் சூரியனுக்கும் நடுவுல எது வந்தாலும் அது வாடிரும்.”

“அப்பம் நடுவுல ஒண்ணும் வரக்கூடாதுன்னு ஒரு விதி போடுங்களேன்.”

“விதி நான் போட முடியாது. நீங்கதான் போடணும். நான் எழுதித் தரேன்.”

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். முப்பிடாதி தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள், பாத்திமா அதை அரசாங்கத்துக்குத் தெரிந்த பாஷையில் மாற்றினாள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் காற்று நடந்து போகிற அளவுக்கு இடம் விட வேண்டும். விடாதவர்களுக்கு வரன்முறை கிடையாது. கட்டடம் உயர உயரத் தெருவை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் நிழல் இருத்தல் வேண்டும், இப்போது அது கிடக்கும் இடங்களை, பங்களாத் தெரு முக்கு முதலாக, பட்டியலில் காண்க. ஏற்கெனவே உள்ள நிழலை மறைத்தோ மறித்தோ எந்தக் கட்டுமானமும் எழுப்பலாகாது. கடைசி வரியை எழுதி முடித்ததும் பாத்திமா அதை வாய்விட்டு வாசித்தாள், முப்பிடாதிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் தன் வாயிலிருந்து வந்த ஒன்று இவ்வளவு நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை.

மாமன்றத்தில் சிரித்தார்கள். “கவுன்சிலரம்மா, நிழலுக்கும் ஓட்டு உண்டுமா?” என்று ஒருத்தர் கேட்டார். ஆனால் அது சித்திரை மாதம், மன்றத்தில் மின்சாரம் போய்க் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேர் வீட்டிலும் வெக்கை தாங்காத ஒரு கிழமோ குழந்தையோ இருந்தது. கை தூக்கும் நேரம் வந்தபோது முப்பிடாதி அதே கையைத் தூக்கினாள். ஒவ்வொன்றாக மற்றக் கைகளும் எழும்பின.

தீர்மானம் ஒப்புதலுக்காக மேலே போனது. மேலே என்றால் எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று மானாங்கரையில் யாருக்கும் தெரியாது. மேலே போனது கீழே வர நாளாகும் என்பது மட்டும் தெரியும்.

மேலே ஒரு நல்ல மனசுக்காரர் இருந்தார், அதுதான் கேடாய்ப் போயிற்று. அவர் அந்தத் தீர்மானத்தைப் படித்தார், இரக்கப்பட்டார், உடனே ஒப்புதல் வாங்கிக் கொடுக்க நினைத்தார். ஆனால் நிழல் என்று ஒரு தலைப்பு கணக்கில் இல்லை. தலைப்பு இல்லாத எதற்கும் மேலே ஒப்புதல் கிடையாது, நிதியும் கிடையாது. தேடியதில் அதற்குப் பக்கத்தில் இருந்தது நிழற்குடை. வெயிலிலும் மழையிலும் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்களுக்காகக் கூரை போட்டு, பெஞ்சு போட்டு, கட்டிக்கொடுத்தவர் படத்தை ரெண்டு பக்கமும் ஒட்டி வைக்கிற அந்த நிழற்குடைதான். பாவம், தெற்கே யாரோ அவசரத்தில் குடையை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நிழல் என்று வந்த இடத்திலெல்லாம் தன் கையாலேயே ஒரு குடையைச் சேர்த்து அனுப்பிவைத்தார்.

ஒவ்வொரு தெருவிலும் நிழற்குடை இருத்தல் வேண்டும் என்று விதி திரும்பி வந்தது. ஏற்கெனவே உள்ள நிழற்குடையை மறைத்தோ மறித்தோ எந்தக் கட்டுமானமும் எழுப்பலாகாது. தீர்மானத்தில் குறிப்பிட்டுள்ள இடங்களில் முதலில் அமைக்கவும்.

ஊர் இதையும் வாங்கி வைத்துக்கொண்டது. பஸ் போகிற தெருவிலும் போகாத தெருவிலும் நிழற்குடைகள் முளைத்தன. ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்தில் ஒன்று முளைத்தது, அதற்குள் சைக்கிள்களை நிறுத்தினார்கள். குளத்துக்குள் இறங்கும் படிக்கட்டில் ஒன்று முளைத்தது, அங்கே ஆடுகளைக் கட்டினார்கள். புதுசாக வீடு கட்டிய ஒருவர் வாசலிலேயே ஒன்று முளைத்துவிட்டதால் அதையே முன்வாசல் ஆக்கி, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

“மேடம், இது நம்ம எழுதினது இல்ல,” என்று பாத்திமா அன்றைக்கே திருத்தம் கேட்டு மேலே எழுதினாள். திருத்தம் வரும்வரை நடப்பிலுள்ள விதியே பொருந்தும் என்று பதில் வந்தது. முப்பிடாதி மேயரிடம் போனாள், ஆணையரிடம் போனாள். போன இடத்திலெல்லாம் அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நல்ல விதி கொண்டுவந்தீர்கள் என்று பாராட்டி அனுப்பினார்கள்.

பங்களாத் தெரு முக்குக்குப் பொறியாளர் அளவெடுக்க வந்தபோது அவள் நிழலின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“சார், ஒரு பத்தடி தள்ளிப் போடுங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்.”

“மேடம், நிழல் உள்ள இடத்துலதான் போடணும்னு விதி சொல்லுது. நீங்க கொண்டுவந்த விதிதான்,” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் யோசித்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “ஒண்ணு செய்யலாம். வார்டு கவுன்சிலருக்கு ஆட்சேபணைன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நிறுத்தி வச்சிருதேன். திருத்தம் வார வரைக்கும் இழுத்துக்கிடலாம்.”

அவள் வாயைத் திறந்தாள். அப்போது பின்னாலிருந்து ஆவுடையப்பனின் குரல் வந்தது.

“ஏட்டி, என்ன கட்டுதாவ இங்க? ஸ்டாப்பிங்கா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். வாதம் வந்த நாளிலிருந்து சிரிப்பே இல்லாமல் கிடந்த அந்த முகம், வாதம் தொடாத இடப்பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் ஓட்டிய காலமெல்லாம் மரத்தடிக்கு ஒரு ஸ்டாப்பிங் கொடுங்கள் என்று டிப்போவில் நடையாய் நடந்தவர் அவர். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது என்று தெரிந்தும், நிழலில் காத்து நிற்கிற ஜனங்களைப் பார்த்து மனசு கேளாமல் நிறுத்தி நிறுத்தி, மெமோ வாங்கி வாங்கி, ஓய்வு பெறும் நாளில்கூட அதைத்தான் கடைசியாகக் கேட்டுவிட்டு வந்தார். “குடுத்துட்டானுவளா? இப்பமாவது குடுத்துட்டானுவளா?” என்று இடது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டு குழந்தை மாதிரி கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று. அதை அணைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

“ஆமா,” என்றாள் முப்பிடாதி. “ஸ்டாப்பிங்தான்.”

பொறியாளர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நிழலின் நடுவிலிருந்து விலகி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். ஆட்கள் குழி தோண்டத் தொடங்கினார்கள்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. எவர்சில்வர் தூண், எவர்சில்வர் பெஞ்சு, பளபளவென்று தகரக் கூரை, கல்வெட்டில் பெரிய மனிதர்கள் பேருக்குக் கீழே அவள் பேரும் இருந்தது. ஆவுடையப்பன் எடுத்து வைத்திருந்த தேர்தல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழாம் நம்பர் வந்தது. அவர் கையை உயர்த்தினார். டிரைவர் ஆரனை அழுத்திக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார், ஏனென்றால் நிழற்குடைதான் வந்ததே தவிர ஸ்டாப்பிங் வரவில்லை. குடை மாநகராட்சியைச் சேர்ந்தது, ஸ்டாப்பிங் டிப்போவைச் சேர்ந்தது. கொடி கட்டிய கார்கள் வழியை அடைத்து நின்றதால், மரத்தடியில் இறங்க வேண்டியவர்களும் அன்றைக்குத் தள்ளிப் போய் இறங்கினார்கள். மறுநாளிலிருந்து அங்கேயே இறங்கிப் பழகிவிட்டார்கள், கண்டக்டர்களும் மரத்தடி என்று கூவுவதை விட்டுவிட்டார்கள்.

நிழல் ஒரே நாளில் போகவில்லை. தகரத்துக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட பகுதி முதலில் வெளுத்தது. காலையும் மாலையும் வெளியே எட்டிப் பார்த்த கிளைகள் இலை இல்லாமல் வந்தன. மாசி வரும் முன்னரே உதிர்த்தது, பங்குனியில் துளிர்க்கவில்லை. ஆடுகள்தான் முதலில் கிளம்பிப் போயின. கீரைக்காரிகள் சுட்ட பெஞ்சில் உட்கார முடியாமல் சந்தைக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். ஆட்டோக்காரர்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், போகும்போது ஒருத்தரும் சண்டை போடவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை, ஊர் வந்ததை வாங்கிக்கொண்ட மாதிரியே போனதையும் விட்டுக்கொடுத்தது.

முப்பிடாதி மட்டும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மிச்ச நிழலைத் தேடித் தேடி அலைந்தாள். ஒரு பாய் அளவு இருந்தது ஒரு போர்வை அளவாயிற்று, போர்வை துண்டாயிற்று. ஆவுடையப்பனுக்கு மறுபடியும் பேச்சு குழற ஆரம்பித்தது. ஒருநாள் அவர் நிழற்குடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவள் கையைப் பிடித்தார்.

“அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுட்டி.”

“நீங்க என்ன செஞ்சிய?”

“நீ சொல்ல வந்தத நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் சிரிச்சேன். ஸ்டாப்பிங் ஆசை.”

அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கல்வெட்டுக்குப் பின்னால் போய் அழுதாள்.

அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், நிழற்குடைக்கு வெளியே துண்டளவு நிழல்தான் இருந்தது. அது அவர் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு முப்பிடாதி எதிர்க்கடைக்குத் தண்ணீர் வாங்கப் போனாள். சொம்போடு திரும்புகையில் ஏழாம் நம்பர் பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆரன் அடித்துக் கும்பிட்ட டிரைவர், பதிலுக்கு இடது கை உயராததைப் பார்த்து, பிரேக்கைப் போட்டு இறங்கி ஓடி வந்திருந்தார். ஜனங்களும் ஒவ்வொருவராக இறங்கி, சத்தம் போடாமல் நின்றார்கள். அந்த நிழற்குடையில் முதன்முதலாக ஒரு பஸ் நின்றது அன்றைக்குத்தான். பிறகும் நின்றதில்லை.

குளிப்பாட்டும்போது பார்த்தார்கள். வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில், அவர் முகத்தின் மேல் அந்தத் துண்டு நிழல் கிடந்தது. சின்னச் சின்ன இலை, ஒரு இணுக்குக் கிளை. தண்ணீர் ஊற்றியும் போகவில்லை, சந்தனம் பூசியும் மறையவில்லை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்கள்.

பாடை கட்டும் நேரத்தில்தான் முப்பிடாதி வாயைத் திறந்தாள். “எரிக்க வேண்டாம். பொதைக்கணும்.”

ஆவுடையப்பனின் தம்பி சங்கரபாண்டி திடுக்கிட்டான். “மைனி, நம்மள்ல அப்படி வழக்கமே கெடையாதே. சொந்தக்காரன் கேட்டா என்ன சொல்ல?”

“எரிச்சா முகத்துல கெடக்கதும் சேந்து எரிஞ்சிரும். பொதைச்சா ஒருவேளை வேர் பிடிச்சிக்கிடும்.”

“என்னது பிடிச்சிக்கிடும்?”

அவள் பாடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மன்றத்தில் ஒரு கையைத் தூக்கி, முக்கில் ஒரு வார்த்தையை விழுங்கி, எல்லாம் இழந்த பிறகு அவள் பிடிவாதமாக நின்ற இடம் அது ஒன்றுதான். மயானத்தில் எரிமேடையைத் தாண்டி, சுவரோரம் யாரும் போகாத வெட்டவெளியில் புதைத்தார்கள்.

மாமன்றத்தில் அவள் தொடர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, குடையை எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கடைசியில் ஒருநாள் திருத்தம் வந்தே விட்டது. நிழற்குடை என்று வரும் இடங்களில் நிழல் என்று படிக்கவும் என்று ஒரு வரி. அதோடு, ஊரில் இப்போது உள்ள நிழல்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பி வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து, மேலே பாதுகாப்புக்காகக் கூரை அமைத்து அறிக்கை அனுப்பவும் என்று இன்னொரு வரியும் இருந்தது.

பாத்திமா வார்டு வார்டாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் முப்பிடாதியிடம் கேட்டாள்.

“உங்க வார்டுல நிழல் ஏதும் இருக்கா மேடம்?”

“இல்ல,” என்றாள் முப்பிடாதி.

“எங்கயுமே?”

“எங்கயும் இல்ல.”

பாத்திமா இல்லை என்று எழுதிக்கொண்டாள். கூட்டம் கலைந்து எல்லாரும் காப்பிக்குப் போன பிறகு அவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பிடாதியின் சேலை ஓரத்தில் மயானத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. பாத்திமா அதைக் குனிந்து தட்டிவிட்டாள்.

“எவ்வளவு வந்திருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

முப்பிடாதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு,” என்றாள். “காலுக்குத்தான் இன்னும் வரல மேடம். அவியளுக்குக் கால்ல வெயில் அடிக்கு.”